மாட்டு ஏப்பத்தை ஆராய்கிற படிப்பு சோறு போடுமா?

கேள்வி: "எங்களுக்குப் பாலக்கோடு பக்கம். மகள் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் கடைசி வருஷம் படிக்கிறாள். முடித்துவிட்டு ஊர்ப்பக்கம் டாக்டராக வருவாள் என்று நினைத்தால், கால்நடை உணவியலில் மேற்படிப்பு, அதற்கப்புறம் மாடு விடுகிற மீத்தேனைப் பற்றி ஆராய்ச்சி என்கிறாள். சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். நிஜமாகவே மாட்டால் பூமி சூடாகிறதா? இதில் வேலை வாய்ப்பு இருக்கிறதா? புளியங்கொட்டைத் தோலைக் கொடுத்தால் அந்த வாயு குறையும் என்று படித்தேன். எங்கள் வீட்டு இரண்டு கறவைக்கும் போடலாமா?"

சிரிக்கிறவர்கள் ஒரு விஷயத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு சிரிக்கிறார்கள். மாடு பின்பக்கமாக விடுகிற காற்றைப் பற்றித்தான் பேச்சு என்று நினைப்பு. மாட்டின் உடம்பிலிருந்து வெளியே போகும் மீத்தேனில் 95 சதவீதத்துக்கு மேல் வாய், மூக்கு வழியாகத்தான் போகிறது. அசை போட்டுக்கொண்டு படுத்திருக்கும் மாட்டின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கழுத்தைக் கவனியுங்கள். நிமிஷத்துக்கு ஒரு தரமாவது ஏப்பம் மேலே ஏறும். அதில் பாதி சத்தமே இல்லாமல் மூச்சோடு கலந்து போய்விடும். வெளியே வராவிட்டால் உப்புசம்தான். மாடு பிழைத்திருக்க அந்த ஏப்பம் வந்தே ஆகவேண்டும். ஆகவே ஏப்பத்தை நிறுத்துவது ஆராய்ச்சியின் நோக்கமில்லை. ஏப்பத்துக்குள் என்ன இருக்கவேண்டும் என்பதை மாற்றுவதுதான் வேலை.

நான் கால்நடை உணவியல் துறையில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஊர் காரிமங்கலம் பக்கம். அதனால் உங்கள் கொட்டாயில் தொட்டி எங்கே இருக்கும், அதில் என்ன கிடக்கும் என்பதைப் பார்க்காமலே ஓரளவு சொல்லிவிடுவேன். ராகித் தாள், சோளத்தட்டு, காசு கொடுத்து வாங்கிய வைக்கோல், மூட்டைத் தீவனம் கொஞ்சம், தவிடு, மிச்சமான கழுநீர். மகளுடைய படிப்பு இந்தத் தொட்டியில்தான் ஆரம்பிக்கிறது.

வளர்ந்த மாட்டின் முதல் வயிற்றில் 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும். அங்கே மாடு எதையும் செரிக்கிறதில்லை. பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சை எல்லாம் சேர்ந்து நாரைப் புளிக்க வைக்கின்றன, நம் வீட்டில் இட்லி மாவு புளிப்பதுபோல. அப்படிப் புளிக்கும்போது அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் என்று மூன்று அமிலங்கள் முக்கியமாக உண்டாகின்றன. மாடு உயிர்வாழ்வதும் பால் கொடுப்பதும் பெரும்பாலும் அந்த அமிலங்களை உறிஞ்சித்தான். அசெட்டிக் அமிலம் உருவாகும்போது ஹைட்ரஜன் மிஞ்சும். புரோப்பியானிக் அமிலம் உருவாகும்போது ஹைட்ரஜன் செலவாகும். வைக்கோல், தாள் மாதிரி நார் மிகுந்த தீனியில் முதலாவது அதிகம். தானியம், தவிடு சேரச் சேர இரண்டாவது கூடும். மிஞ்சிய ஹைட்ரஜன் தேங்கிவிட்டால் புளித்தலே நின்றுபோகும். அதைத் தின்று தீர்க்கத்தான் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள் அங்கே குடியிருக்கின்றன. ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து மீத்தேனாக்கி வெளியே தள்ளிவிடும். இவை பாக்டீரியா இனமே கிடையாது, தனிக் குலம் என்று 1977-ல் கார்ல் வோஸ் நிரூபித்தார். ஆன்டிபயாடிக் போட்டு இவற்றை அடக்கிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் அந்த வருஷத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது கணக்கு. ஒரு சீமை மாடு, நாளைக்கு 10 லிட்டர் பால், தின்பது ஈரம் நீக்கிப் பார்த்தால் 10 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தின்ற தீனியிலிருக்கும் மொத்த எரிசக்தியில் சுமாராக 6.5 சதவீதம் மீத்தேனாகப் போகிறது என்பது உலகம் முழுக்க வழக்கத்தில் இருக்கும் சராசரி. தீனியைப் பொறுத்து 2 முதல் 12 வரை ஏறும், இறங்கும். அந்தச் சராசரிப்படி போட்டால் நாளைக்கு 215 கிராம் மீத்தேன் வருகிறது. கன அளவில் 300 லிட்டர் இருக்கும். லிட்டர் பாலுக்கு 21 கிராம் சொச்சம்.

அதே ஊரில் இன்னொரு வீட்டில் நாளைக்கு 5 லிட்டர் கறக்கும் மாடு. 8 கிலோ தின்கிறது. அது விடுவது 172 கிராம். தலைக்குப் பார்த்தால் இதுதான் குறைவு. லிட்டருக்குப் பார்த்தால் 34 கிராம். இப்படி இரண்டு மாடு வைத்து 10 லிட்டர் ஊற்றுகிறவர் வீட்டில் 344 கிராம், ஒரே மாட்டில் 10 லிட்டர் ஊற்றுகிறவர் வீட்டில் 215 கிராம். மாடு பால் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் உயிரோடு இருக்க ஒரு பங்கு தீனி வேண்டும், அந்தப் பங்குக்கு உரிய மீத்தேனும் வரும். அதனால்தான் இந்த வித்தியாசம்.

பூமி சூடாவது உண்மையா என்று கேட்டீர்கள். உண்மைதான். மாட்டு வயிற்றிலிருந்து வரும் மீத்தேன் 100 வருஷக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல் 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. ஆனால் காற்றில் அது தங்குவது சுமார் 12 வருஷம்தான், கார்பன் டை ஆக்சைடு மாதிரி நூற்றாண்டுக் கணக்கில் கிடக்காது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாடு 19.2 கோடி, எருமை சுமார் 11 கோடி. இத்தனை தலை இருந்தால் மொத்தம் பெரிதாகத்தான் வரும். அதே நேரத்தில், காலநிலைக்கான பன்னாட்டுக் குழு 2006-ல் வெளியிட்ட பட்டியலில் இந்தியக் கறவை மாடு ஒன்றுக்கு வருஷத்துக்கு 58 கிலோ, மற்ற மாடுகளுக்கு 27 கிலோ என்று போட்டிருக்கிறார்கள். அமெரிக்கக் கறவைக்கு 100 கிலோவைத் தாண்டும். ஆக, தலைக்குப் பார்த்தால் நம் மாடு சாது. லிட்டருக்குப் பார்த்தால் நம் மாடுதான் கூடுதல். மேடையில் பேசுகிறவர்கள் தங்களுக்கு வசதியான கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் மீத்தேனை 2030-க்குள் 30 சதவீதம் குறைப்போம் என்று பல நாடுகள் கையெழுத்துப் போட்டபோது இந்தியா போடவில்லை. இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிறவர் தலையில் இதை ஏற்றக்கூடாது என்பது என் கருத்தும்கூட. அதற்காக வாயுவே வரவில்லை என்று சாதிக்க முடியாது.

ஒருமுறை பால் சொசைட்டியில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது கேனோடு நின்ற ஒருவர் கேட்டார்: "ஏன் சார், எம் மாடு ஏப்பம் உட்டா ஒலகம் சூடாவுதுன்னா, பெங்களூரு ரோட்ல போற காருங்க எல்லாம் என்னா பன்னீரா தெளிச்சிட்டுப் போவுது?" நியாயமான கேள்வி. நான் சொன்னேன்: "உலகத்தை விடுங்க அண்ணே. அந்த ஏப்பத்துல போறது நீங்க காசு குடுத்து வாங்கின தீவனம்." அப்புறம்தான் கேனைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

இது சமாளிப்புக்காகச் சொன்ன பதில் இல்லை. இந்தத் துறையே அப்படித்தான் பிறந்தது. பருவநிலை மாற்றம் என்ற பேச்சே இல்லாத 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துக் கல்லூரியில் ஹென்றி ஆர்ம்ஸ்பி என்பவர் ஒரு முழு மாட்டை அறைக்குள் அடைத்து, அது விடும் வெப்பத்தையும் வாயுவையும் அளந்தார். தின்றதில் எவ்வளவு உடம்பில் ஒட்டுகிறது, எவ்வளவு வீணாகிறது என்பதே அவருக்கு வேண்டிய விடை. 1965-ல் ஸ்காட்லாந்தில் கென்னத் பிளாக்ஸ்டரும் கிளாப்பர்ட்டனும் எந்தத் தீனிக்கு எவ்வளவு மீத்தேன் வரும் என்று முன்கூட்டியே கணிக்கும் சூத்திரம் போட்டார்கள். அவர்களுக்கும் அது தீவன நஷ்டக் கணக்குதான். வளிமண்டலத்தில் மீத்தேன் ஏறுகிறது என்ற கவலை பின்னால் வந்தபோது, அளக்கிற கருவியும் சூத்திரமும் தீவன ஆராய்ச்சிக்காரர்களிடம் தயாராக இருந்தன.

மேலே சொன்ன 215 கிராம் மீத்தேனில் இருக்கும் எரிசக்தி சுமார் 2,800 கிலோகலோரி. கிட்டத்தட்ட 4 லிட்டர் பாலில் இருக்கும் சக்தி. இதைச் சொன்னதும், "அப்போ மீத்தேனை நிறுத்தினா 4 லிட்டர் கூட வருமா?" என்று எல்லாரும் கேட்பார்கள். வராது. ஹைட்ரஜனை வேறு வழியில் பயன்படுத்தவும் மாட்டுக்கு வழி வேண்டும். மீத்தேனைக் குறைக்கும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் பலவற்றில் வாயு இறங்கியது, பால் ஏறவில்லை. தீவனம் விற்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். உங்கள் மகள் அந்தப் பக்கம் வேலைக்குப் போனாலும் இதை மறக்காமல் இருக்கட்டும்.

வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் வெள்ளைக் கோட்டு, நுண்ணோக்கி என்று கற்பனை செய்துகொண்டு வருகிற பிள்ளைகள் முதல் வாரத்திலேயே திகைத்துப் போவார்கள். காலையில் மாடு தீனி தின்பதற்கு முன் வயிற்று நீரை எடுக்கவேண்டும். அதற்காகவே சில மாடுகளுக்கு இடுப்புக்குப் பக்கத்தில் அறுவை செய்து ரப்பர் மூடி போட்ட வழி வைத்திருப்பார்கள். மாடு பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டு நிற்கும், முழங்கைக்கு மேல் கையுறை போட்டுக்கொண்டு உள்ளே கைவிட்டு அள்ளவேண்டும். அந்த வாசனை சோப்புக்கு மசியாது. அள்ளியதைச் சுடுநீரில் கழுவிய பிளாஸ்க்கில் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் ஆய்வகத்துக்கு ஓடவேண்டும். உள்ளே இருக்கும் உயிர்களுக்குக் காற்று ஆகாது. அதனால் கார்பன் டை ஆக்சைடைப் பீய்ச்சிக்கொண்டே நாலு மடிப்பு மெல்லிய துணியில் வடிகட்டுவார்கள். பிறகு 100 மில்லி கண்ணாடி ஊசிக்குழல்களில், அரைத்த தீனி 200 மில்லிகிராமுடன் அந்த நீரையும் உமிழ்நீருக்குப் பதிலான உப்புக் கரைசலையும் 30 மில்லி சேர்த்து, 39 டிகிரியில் வைப்பார்கள். வாயு உண்டாக உண்டாகக் குழலின் தண்டு தானாக மேலே ஏறும். 24 மணி நேரத்தில் எவ்வளவு ஏறியது, அதில் மீத்தேன் எவ்வளவு என்று பார்க்கவேண்டும். ஜெர்மனியில் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்தில் மென்கே குழுவினர் உருவாக்கிய முறை இது. செலவு கம்மி, ஒரே நாளில் பல தீனிகளை ஒப்பிடலாம். நம் நாட்டு மாணவர்கள் பெரும்பாலோர் இதில்தான் கை பழகுகிறார்கள்.

குழலில் கிடைப்பது மாட்டில் கிடைக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதற்கு மாட்டையே அளக்கவேண்டும். காற்றுப்புகா அறையில் மாட்டை நாலைந்து நாள் வைத்து அளப்பது நம்பகமானது. ஆனால் அறை கட்டக் காசு அதிகம், மாடும் தனியாக அடைபட்டால் தீனியைக் குறைத்துவிடும். 1990-களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டன் ஜான்சன் குழுவினர் ஒரு மாற்று வழி கண்டுபிடித்தார்கள். சல்பர் ஹெக்சாபுளோரைடு என்ற வாயுவை அடைத்த விரல் நீளக் குழாயை மாட்டின் வயிற்றுக்குள் போட்டுவிடுவது. தினமும் எவ்வளவு கசியும் என்பது முன்கூட்டியே தெரியும். மாட்டின் மூக்குக்கு மேலே ஒரு மெல்லிய குழாய், கழுத்தில் காற்றை உறிஞ்சி எடுத்த காலி உருளை. நாள் பூராவும் மூச்சிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருளைக்குள் சேரும். தெரிந்த வாயு இவ்வளவு என்றால் மீத்தேன் எவ்வளவு என்று விகிதம் போட்டுவிடலாம். மாடு வழக்கம்போல் மேயலாம். ஒரு வேடிக்கை, அந்தச் சல்பர் ஹெக்சாபுளோரைடு கார்பன் டை ஆக்சைடைவிட 20,000 மடங்குக்கு மேல் சூடு பிடிக்கிற வாயு. மிகக் கொஞ்சமாகப் பயன்படுத்துவதால் மன்னித்துவிடுகிறோம்.

உருளையில் குழாய் பிடுங்கிக்கொள்ளும், பக்கத்து மாடு நக்கி இழுக்கும், ராத்திரியில் யாராவது எழுந்து பார்க்கவேண்டும். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும், புள்ளியியல் வேண்டும். புள்ளியியலைப் பார்த்து ஓடுகிறவர்களுக்கு இந்தத் துறை சரிப்படாது என்பதைத் திட்டவட்டமாகவே சொல்வேன்.

ஒரு விஞ்ஞானியின் வாழ்நாள் வேலை இதில் எப்படிப் போகும் என்பதற்கு, நம் எல்லைக்கு அந்தப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. நீங்கள் படித்த புளியங்கொட்டைத் தோல் கதையும் அதற்குள்தான் வருகிறது. ஓசூரிலிருந்து பெங்களூருக்குள் போகிற அதே ஓசூர் ரோட்டில், ஆடுகோடியில், தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் இருக்கிறது. 1995-ல் தொடங்கியது. அதன் இயக்குநராக இருந்து, பிறகு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தில் கால்நடை அறிவியலுக்கான துணைத் தலைமை இயக்குநர் ஆனவர் ராகவேந்திர பட்டா. அவர் வெளியிட்ட கட்டுரைகளை வருஷ வரிசையில் வைத்துப் பார்த்தால் டானின் என்ற ஒரே பொருள் நூலாக ஓடுவது தெரியும். கடுக்காயையோ பச்சை வாழைக்காயையோ கடித்தால் நாக்கு இழுக்குமே, அந்தத் துவர்ப்புதான் டானின்.

2000-ல் அவரும் கிருஷ்ணமூர்த்தியும் இன்னொருவரும் சேர்ந்து வெளியிட்டது, கலப்பினக் கறவைகளுக்குப் புளியங்கொட்டைத் தோலைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு. அப்போது கேள்வி மீத்தேன் இல்லை. டானின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு முதல் வயிற்றில் அழியாமல் காப்பாற்றுகிறதா, தின்பது குறைகிறதா, பால் என்னாகிறது என்பதுதான். பிறகு ராஜஸ்தானில் மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தில், வன்னி இலை தின்னும் ஆட்டுக்குட்டிகளிடம் அதே டானின் எதிரியாக நின்றது. இலையில் டானின் கூடுதல், சத்து சேரவில்லை. டானினைக் கட்டிப்போடும் பாலிஎத்திலீன் கிளைக்கால் சேர்த்ததும் குட்டிகளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். அதற்கப்புறம் ஜப்பானில் மீத்தேன் அளவிடும் முறைகளில் வேலை. அங்கிருந்துதான் இரண்டும் ஒன்றுசேர்ந்தன. எந்த வகை டானின், எந்த அளவில், மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களையும் புரோட்டோசோவாவையும் எப்படித் தொடுகிறது என்ற கட்டுரைகள் வந்தன. கடைசியில் அந்த நிறுவனத்திலிருந்து டாமரின் பிளஸ், ஹரித் தாரா என்று தீவனச் சேர்க்கைகள் வெளிவந்தன. ஹரித் தாரா மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் குறைப்பதாக நிறுவனம் அறிவித்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், புளியங்கொட்டைத் தோலிலிருந்து தீவனப் பைக்குப் போய்ச்சேர 20 வருஷம் பிடித்திருக்கிறது. ஆரம்பத்தில் யாரும் பூமியைக் காப்பாற்றப் புறப்படவில்லை. குப்பைக்குப் போகும் ஒரு பொருளை மாடு தின்னுமா என்று பார்த்தார்கள். உங்கள் மகளுக்கும் முதல் பத்து வருஷம் அப்படித்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து சொல்ல அவளிடம் பெரிய செய்தி எதுவும் இருக்காது.

வெளிநாட்டில் பெயர் பெற்ற இரண்டு பொருள்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒன்று, மூன்று-நைட்ரோ ஆக்சி புரோப்பனால் என்ற வேதிப்பொருள். போவேர் என்ற பெயரில் விற்கிறார்கள். மீத்தேன் உருவாகும் கடைசிப் படியில் வேலை செய்யும் நொதியை அடைத்துவிடுகிறது. நாளைக்குக் கால் டீஸ்பூன் போதும், கறவை மாட்டில் 30 சதவீதம் அளவுக்குக் குறைகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-லும் அமெரிக்கா 2024-லும் அனுமதித்தன. மற்றொன்று, அஸ்பராகாப்சிஸ் என்ற செந்நிறக் கடற்பாசி. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் எர்மியாஸ் கெப்ரியாப் குழுவினர் 2021-ல் வெளியிட்ட ஆய்வில் கறி மாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அதில் வேலை செய்வது புரோமோபார்ம். அது ஆவியாகிப் போகிற பொருள், அதன் பாதுகாப்பு பற்றிய கேள்விகளும் இருக்கின்றன.

போவேர் சில மணி நேரத்தில் வயிற்றுக்குள் சிதைந்துவிடும். நாள் முழுக்க ஒரே கலவைத் தீனியைக் கடிக்கிற அமெரிக்கப் பண்ணை மாட்டுக்கு ஒவ்வொரு வாயிலும் மருந்து போய்ச்சேரும். பென்னாகரத்தில் காலையில் கழுநீர், பகலில் கரட்டு மேய்ச்சல், சாயங்காலம் ஒரு கட்டுத் தட்டு என்று தின்கிற மாட்டுக்கு எப்படிச் சேரும்? நம் ஊரில் ஒரு பொருள் நிற்கவேண்டும் என்றால் கறக்கும் வேளையில் ஒரு கை தீவனத்தோடு போடக்கூடியதாக, சில ரூபாய்க்குள் முடிவதாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நிற்காது.

நல்ல தொழில்நுட்பமே தோற்றுப்போன கதைக்கும் எங்கள் துறையில் குறைவில்லை. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, மூன்று வாரம் மூடி வைத்தால் வைக்கோலின் செரிமானம் கூடும், புரதமும் கூடும். நான் மாணவனாக இருந்த காலத்திலிருந்து பாடத்தில் இருக்கிறது. கேள்வித்தாளில் தவறாமல் வரும், கொட்டாயில்தான் பார்க்கமுடியாது. அவ்வளவு தண்ணீரைத் தூக்குவது யார், தார்ப்பாய் வாங்குவது யார், மழையில் ஒழுகினால் நஷ்டம் யாருக்கு? பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்களுக்கு இன்னொரு வேலை. அதற்கு நேர்மாறாக, தேசிய பால்வள வாரியம் 2012-லிருந்து லட்சக்கணக்கான மாடுகளுக்குச் செய்த சரிவிகிதத் தீவனத் திட்டம் சாதாரணமான விஷயம். ஊரில் ஒருவர் வீட்டுக்கு வந்து, மாட்டை அளந்து, இருக்கும் தீனியைக் கணினியில் போட்டு, இதைக் கூட்டு, அதைக் குறை, தாது உப்பு இவ்வளவு சேர் என்று எழுதிக் கொடுப்பார். தீவனச் செலவும் இறங்கியது, லிட்டர் பாலுக்கான மீத்தேன் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மாட்டுக்காரரிடம் மீத்தேன் என்ற சொல்லையே எடுக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. எனக்கு இந்த வழிமேல்தான் நம்பிக்கை அதிகம்.

வேலை வாய்ப்பை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கால்நடை மருத்துவப் பட்டம் முடிந்ததும் கால்நடை உணவியலில் முதுநிலை இரண்டு வருஷம், முனைவர் பட்டம் குறைந்தது மூன்று வருஷம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் சென்னை, நாமக்கல் இரண்டு இடத்திலும் துறை இருக்கிறது. காட்டுப்பாக்கத்தில் கால்நடை உணவியலுக்கென்றே தனி நிறுவனம் உண்டு. அகில இந்தியத் தேர்வு எழுதினால் பரேலியில் இருக்கும் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், கர்னாலில் இருக்கும் தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றில் உதவித்தொகையோடு படிக்கலாம். அதற்கப்புறம் வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியத்தின் தேர்வில் தேறினால் மத்திய அரசு விஞ்ஞானி. பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் ஆகலாம். இரண்டிலும் இடம் குறைவு, போட்டி அதிகம், காத்திருப்பும் உண்டு. தனியார் தீவன ஆலைகளில் தீவனக் கலவை வகுக்கும் பணிக்கு உணவியல் படித்தவர்களுக்கு எப்போதும் கிராக்கி. நாமக்கல், ஓசூர் பக்கம் அப்படி வேலை பார்க்கிறவர்களை அவளே பார்த்திருப்பாள். எதுவும் அமையாவிட்டால் அவளிடம் கால்நடை மருத்துவர் பட்டம் இருக்கிறது, அரசுப் பணித் தேர்வு எழுதி உதவி மருத்துவராக வரலாம். ஆக, நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இது அந்தரத்தில் நிற்கிற படிப்பு கிடையாது. "மீத்தேன் நிபுணர்" என்ற பெயரில் மட்டும் வேலை தேடவேண்டாம். உணவியல் முழுதாகத் தெரிந்தவளாக இருக்கட்டும், மீத்தேன் அதில் ஒரு பிரிவாக இருக்கட்டும்.

ஆய்வுக்கு என்ன எடுப்பது என்று அவள் யோசிக்கும்போது நம் இரண்டு மாவட்டத்தையும் ஒருமுறை சுற்றி வந்தால் போதும். கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலைகள் ஓடும் மாதங்களில் பெங்களூரா மாங்காயின் தோலும் கொட்டையும் மலைமாதிரிக் குவியும். கொட்டைப் பருப்பில் மாவும் இருக்கிறது, டானினும் இருக்கிறது. தோலில் சர்க்கரை, ஆனால் இரண்டு நாளில் புளித்துக் கெட்டுவிடும். அப்படியே அள்ளிப் போட்டால் மாட்டுக்கு வயிற்றில் அமிலம் ஏறிவிடும். தாளோடு சேர்த்து, காற்றுப் புகாமல் மூடி, ஊறுகாய்ப்புல்லாகப் (சைலேஜ்) போட்டு வைக்கமுடியுமா, அப்போது மீத்தேன் எப்படி? தர்மபுரியில் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் வீட்டில் புழு தின்றுபோட்ட மல்பெரித் தண்டும் இலையும் இருக்கிறது. நல்ல புரதம். காரிமங்கலத்தில் ஆலம்பாடி மாட்டுக்கென்று ஆராய்ச்சி மையம் வந்திருக்கிறது. உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனம். கரட்டுப் புல்லையும் காய்ந்த தட்டையும் தின்று தாங்குகிற அந்த மாட்டின் வயிற்று நுண்ணுயிர்களும் சீமை மாட்டின் நுண்ணுயிர்களும் ஒன்றா? நாட்டு மாடு என்றாலே மீத்தேன் கம்மி என்று ஒரு நம்பிக்கை கிளம்பியிருக்கிறது. தலைக்குக் கம்மிதான், சின்ன உடம்பு, குறைவாகத் தின்கிறது. ஒரு கிலோ தீனிக்கு எவ்வளவு என்று அளந்து பேசவேண்டும்.

இதோடு இன்னொன்று. நம் பக்கத்து ஆழ்துளைத் தண்ணீரில் புளோரைடு இருப்பது உங்களுக்கே தெரியும். ஒகேனக்கல் குடிநீர் மனிதர்களுக்கு வந்தது, மாட்டுத் தொட்டிக்குப் பல ஊர்களில் இன்னும் போர் தண்ணிதான். மாட்டின் பல்லும் எலும்பும் அதனால் கெடும். பல் தேய்ந்த மாடு நன்றாக அசை போடாது, தின்றது சத்தாகச் சேராது. இங்கே உணவியல் ஆராய்ச்சிக்கு வருகிறவர் தண்ணீரையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

கடைசியாக, உங்கள் இரண்டு கறவைக்குப் புளியங்கொட்டைத் தோல் போடலாமா என்பது. நீங்களாகப் போடவேண்டாம். டானின் அளவு மரத்துக்கு மரம் மாறும், கொட்டையை வறுத்த விதத்துக்கும் மாறும். மொத்தத் தீனியில் இரண்டு மூன்று சதவீதம் டானின் என்றால் நன்மை செய்யக்கூடும். அதைத் தாண்டினால் மாடு தீனியைக் குறைக்கும், புரதம் செரிக்காமல் சாணத்தோடு போகும், பால் இறங்கும். ஆய்வகத்தில் அளந்து கலந்த சேர்க்கை வேறு, மண்டியில் வாங்கிய தோல் வேறு. புளி உடைக்கிற வீட்டிலிருந்து சும்மா கிடைக்கிறதே என்று அள்ளிப் போடாதீர்கள்.

அதற்குப் பதில் செய்யக்கூடியது: தட்டையும் தாளையும் முழுசாகப் போடாமல் நறுக்கிப் போடுங்கள். பசுந்தீவனத்துக்குக் கம்பு நேப்பியர் நாலு வரிசையும், கூடவே வேலி ஓரத்தில் அகத்தியோ வேலிமசாலோ இருக்கட்டும். தாது உப்புக் கலவை தினமும் கொடுங்கள், பால் குறைந்த மாதத்திலும் நிறுத்தவேண்டாம். சினை பிடிக்காமல் மாதக்கணக்கில் நிற்கும் மாட்டைச் சீக்கிரம் காட்டுங்கள். பால் இல்லாமல் தின்றுகொண்டு நிற்கும் மாதங்கள்தான் லிட்டர் கணக்கைக் கெடுக்கின்றன, உங்கள் காசையும் சேர்த்து. மகள் அடுத்த விடுமுறைக்கு வரும்போது ஒரு தராசைக் கொடுத்து, இரண்டு மாட்டுக்கும் ஒரு வாரம் போடுவதையும் மிச்சம் வைப்பதையும் நிறுத்து எழுதச் சொல்லுங்கள். கறந்ததையும் பக்கத்திலேயே எழுதட்டும். முதுநிலைச் சேர்க்கை நேர்காணலுக்கு அந்த நோட்டை அவள் எடுத்துக்கொண்டு போகலாம்.